கடைசி பெஞ்சுக்குக் கேட்கும் வரை

சித்தி பள்ளிக்கூடத்தை விட்டுக் கிளம்பியது ஒரு வியாழக்கிழமை. மழை இதோ வருகிறேன் அதோ வருகிறேன் என்று போக்குக் காட்டிக்கொண்டிருந்த வெயில் காலம். மூன்றாம் வகுப்பில் கடைசிப் பாடவேளை. ஜன்னலில் பொருத்தியிருந்த ஏசி முழு மூச்சில் ஓடிக்கொண்டிருந்தது. சித்தி கரும்பலகையைத் துடைத்து, கையிலிருந்த சாக்பீஸ் துண்டை அதன் இடத்தில் வைத்துவிட்டுப் பிள்ளைகள் பக்கம் திரும்பினாள்.

“நாளையிலேர்ந்து வேற டீச்சர் வருவாங்க. சமத்தா இருக்கணும்” என்றாள்.

முன்னால் இருந்த இரண்டு வரிசைகள் எழுந்து நின்றன. அவர்கள் எழுந்ததைப் பார்த்து நடு வரிசைகள் எழுந்தன. நடு வரிசைகளைப் பார்த்துக் கடைசி பெஞ்சு எழுந்தது. மணி அடித்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து அவர்கள் பைகளை மாட்டிக்கொண்டார்கள். ஒரு பையன் சந்தோஷமாகக் கையசைத்துவிட்டு வெளியே ஓடினான். டீச்சர் இனி வரமாட்டாள் என்பது கடைசி பெஞ்சுக்கு மறுநாள்தான் தெரிந்தது.

“நான் எதனால போறேனோ, அதனாலயே நான் போறதும் அவங்களுக்குக் கேக்காமப் போச்சு” என்று பின்னாளில் சித்தி என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த வியாழக்கிழமை நான் இங்கே இல்லை. வருடக்கணக்கில் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது, விடுமுறையே எடுக்காத சித்தி வேலை நாளின் நடுப்பகலில் சித்தப்பாவின் கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடிகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். ஏன் என்று கேட்டேன். ஒரு வரியில் பதில் வந்தது. அது எனக்குப் போதவில்லை. அவளிடமும், சித்தப்பாவிடமும், தலைமை ஆசிரியையிடமும், ஏசி மெக்கானிக்கிடமும் மாறி மாறிக் கேட்டுச் சேர்த்ததை இங்கே எழுதுகிறேன். உனக்கு வேறு வேலை இல்லையா என்று நான்கு பேருமே கேட்டார்கள்.

சித்தி என் அம்மாவின் தங்கை. படிப்பு முடித்த கையோடு அந்தப் பள்ளியில் சேர்ந்தவள். மூன்று மாடிக் கட்டடம், வெளிப்பக்கமாக ஏறும் படிக்கட்டு, பின்னால் ஒரு கிடங்கின் உயரமான சுவர். பெரிய வகுப்பு தருகிறோம் என்று எத்தனையோ முறை சொல்லியும் அவள் மூன்றாம் வகுப்பை விட்டுக் கொடுக்கவில்லை. “அந்த வயசுலதான் பொய் சொல்லக் கத்துக்கிட்டிருப்பாங்க, மறைக்கக் கத்துக்கிட்டிருக்க மாட்டாங்க” என்பாள்.

அவள் கல்யாணமும் அந்தப் பள்ளியிலேயே ஆரம்பித்ததுதான். பிள்ளைகளுக்குக் கண் பரிசோதனை செய்ய ஒரு கண்ணாடிக் கடைக்காரர் வந்திருந்தார். சுவரில் எழுத்து அட்டையை மாட்டி, ஒவ்வொரு பிள்ளையாக நிறுத்திப் படிக்கச் சொன்னார். ஒன்றுவிடாமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் கழுகுக் கண். கடைக்காரர் தலையைச் சொறிந்தார். வரிசையில் நின்றவர்கள் முன்னால் நிற்பவன் படிப்பதைக் கேட்டுக் கேட்டு அட்டையை மனப்பாடம் செய்துவிட்டிருந்தார்கள். கடைக்காரர் ஒன்றும் பேசாமல் அட்டையைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினார். மூன்றாம் வகுப்பு டீச்சர் வந்து சண்டை பிடித்தாள்.

“தலைகீழாத் தொங்கற எழுத்தை அவங்களுக்கு யாருங்க சொல்லிக் கொடுத்தது? படிக்காததைக் கேட்டா குழந்தை பயந்துபோகும்.”

“கண்ணுக்குப் பரிட்சை வைக்கிறேம்மா. படிப்புக்கு இல்ல” என்றார் அவர்.

அன்றைக்கு நான்கு பிள்ளைகளுக்குக் கண்ணாடி தேவை என்று தெரிந்தது. அந்தக் கண்ணாடிகளைக் கொடுக்கும் சாக்கில் அவர் பள்ளிக்கு நடையாய் நடந்தார். நாலு கண்ணாடிக்கு இத்தனை நடையா என்று ஆசிரியர் அறையில் பேச்சு எழுந்த பிறகு பெண் கேட்டு வந்தார். அவர்தான் சித்தப்பா.

சித்திக்கு அப்போது கணீரென்ற குரல். நாற்பதைத் தாண்டியதும் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. அறுவை சிகிச்சையில் கட்டி போனது, கூடவே குரலும் பாதி போனது. தொண்டையில் ஒரு பக்கத்து நரம்பு செயலிழந்துவிட்டதாக மருத்துவர் சொன்னார். மிச்சமிருந்த குரலில் பாதிக்கு மேல் வெறும் காற்று. பக்கத்தில் நின்றால் தெளிவாகக் கேட்கும். தூரம் கூடக் கூடத் தேய்ந்துவிடும். சத்தத்தைக் கூட்ட முயன்றால் உள்ளதும் அறுந்துபோகும்.

பள்ளியில் அவளை அலுவலகத்தில் உட்கார வைக்கலாம் என்றார்கள். சித்தி ஒப்பவில்லை. தலைமை ஆசிரியை அவளைவிடச் சில வயது மூத்தவர், சுற்றி வளைக்காமல் பேசுகிறவர். ஒரு வாரம் முழுக்க மூன்றாம் வகுப்பின் கடைசி பெஞ்சில், முழங்கால் இடிக்க இடிக்கப் பிள்ளைகளோடு உட்கார்ந்து கேட்டார். வாரக் கடைசியில் எழுந்து வந்து, “கேக்குது. கடைசி பெஞ்சுக்குக் கேக்கற வரைக்கும் நீங்கதான் மூணாங்கிளாஸ் டீச்சர். கேக்காமப் போனா நீங்களே வந்து சொல்லிடணும்” என்றார். சித்தி சரி என்றாள். எழுத்து இல்லை, சாட்சி இல்லை. இரண்டு பேர் பேசிக்கொண்டதுதான்.

அதற்குப் பிறகு அந்த வகுப்பே வேறு மாதிரி ஆனது. குரலைச் செலவழிக்க வேண்டாத இடத்தில் சித்தி கையைப் பயன்படுத்தினாள். உள்ளங்கையைத் தாழ்த்தினால் உட்காரணும். கையை மூடினால் பென்சிலைக் கீழே வைக்கணும். டிக்டேஷன் கொடுக்கும்போது ஒன்று, இரண்டு என்று எண் சொல்வதைக்கூட நிறுத்திவிட்டாள். விரலைத் தூக்குவாள், பிறகு வார்த்தையைச் சொல்வாள். பத்து வார்த்தைக்குப் பத்து விரல். பிள்ளைகள் அவளுக்கு ‘காத்து டீச்சர்’ என்று பெயர் வைத்தார்கள். அவளிடம் பேசும்போது அவர்களும் தணிந்தே பேசினார்கள். மற்ற வகுப்புகளில் பிரம்பால் மேசையைத் தட்டும் சத்தம் வரும். அந்த அறையின் பின்பக்கம் கிடங்குச் சுவர் என்பதால் தெருச் சத்தமும் இல்லை. மின்விசிறி முனகினால் சித்தப்பா ஞாயிற்றுக்கிழமை வந்து எண்ணெய் போட்டுவிட்டுப் போவார்.

இப்படிச் சில வருடங்கள் ஓடின. பிறகு அந்தக் கோடை வந்தது.

சித்தியின் அறை மேல் மாடியில், மொட்டை மாடிக்கு நேர் கீழே. மதியத்துக்கு மேல் தளம் அனலைக் கக்கும். சாப்பாட்டு இடைவேளை முடிந்து வந்து உட்கார்ந்த ஒரு சிறுமி, எழுதிக்கொண்டிருக்கும்போதே பெஞ்சிலிருந்து சரிந்து விழுந்தாள். சித்திதான் அவளைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்கினாள். அவள் ஒரு பஸ் கண்டக்டரின் மகள். அன்று சாயங்காலம் காக்கிச் சட்டையோடு அப்படியே வந்த கண்டக்டர், சண்டை போடுவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் தலைமை ஆசிரியையின் அறை வாசலில் நின்று, “நாளைக்கு இவளை அனுப்பலாமா வேண்டாமான்னு மட்டும் சொல்லுங்க” என்று கேட்டார்.

பெற்றோர் கூடிப் பணம் திரட்டினார்கள். எந்த ஏசி வாங்குவது என்று முடிவெடுக்க மூன்று பேர்: தலைமை ஆசிரியை, பெற்றோர் சார்பில் கண்டக்டர், ஆசிரியர்கள் சார்பில் சித்தி. விளக்கம் சொல்ல மெக்கானிக் வந்தார். எல்லோரும் அவரை ‘ஐஸ்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர்தான் ஐஸ், யாருக்கும் ஐஸ் வைக்கத் தெரியாத ஆள் என்பது சித்தப்பாவின் கணிப்பு.

“ரெண்டு வகை இருக்கு மேடம்” என்றார் ஐஸ். “ஒண்ணு ஜன்னல் ஏசி. முழு மிஷினும் ஒரே பெட்டிக்குள்ள. குளிரும் உள்ள, சத்தமும் உள்ள. இன்னொண்ணு ஸ்பிளிட். சத்தம் போடற பாதியை வெளியில மாட்டிடலாம். காத்து விடற பாதி மட்டும் உள்ள இருக்கும். அதுக்குச் செலவு கூட.”

“சத்தமில்லாம இருக்கணும்னா எங்க வீட்லயும் செலவு கூடத்தான்” என்றார் கண்டக்டர்.

தலைமை ஆசிரியை சிரிக்கவில்லை. அவர் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். திரட்டிய பணத்துக்கு ஜன்னல் ஏசி என்றால் எல்லா வகுப்புக்கும் வரும். ஸ்பிளிட் என்றால் பாதி வகுப்புக்குத்தான். மற்றப் பாதிக்கு அடுத்த வருடம் பார்க்கலாம்.

“பாதின்னா மேல் மாடிக்கு முதல்ல போடணும். அங்கதான் சூடு” என்றார் தலைமை ஆசிரியை. சொல்லிவிட்டுச் சித்தியைப் பார்த்தார். மேல் மாடி என்றால் சித்தியின் வகுப்பும் அதில் வந்துவிடும். சத்தமில்லாத மிஷின், குளிர்ந்த அறை, சித்தியின் வேலைக்கும் ஆபத்தில்லை. சித்தி ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

கண்டக்டர் கையிலிருந்த தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “என் பொண்ணு மேல் மாடியிலதான் இருக்கா, எனக்கு நல்லதுதான். ஆனா சின்னவன் கீழ ஒண்ணாங்கிளாஸ்ல இருக்கான். வீட்டுக்குப் போய் அவன்கிட்ட என்னன்னு சொல்றது டீச்சர்? நீ அடுத்த வருஷம் வரைக்கும் வேர்வை தொடச்சுக்கன்னா?”

சித்தி தலைமை ஆசிரியை பக்கம் திரும்பினாள். பிறகு, “எனக்குச் சத்தம்தான் பிரச்சினை. அந்த ஜன்னல் மிஷின்ல என் குரல் எடுபடுமான்னு பாத்துட்டாப் போதும். எடுபட்டா எல்லாருக்கும் அதையே போடலாம்” என்றாள்.

ஐஸ் கொண்டுவந்த விளம்பரத் தாளில் சத்தத்துக்கு ஏதோ ஒரு எண் போட்டிருந்தது. அந்த எண் பெரிதா சிறிதா என்று அங்கே யாருக்கும் புரியவில்லை. அப்போது சித்தி சொன்ன யோசனையைக் கேட்டு, இது ஏன் நமக்குத் தோன்றவில்லை என்று எல்லோரும் வியந்தார்கள். ஒரு மிஷினை அவள் வகுப்பில் பொருத்துவது. அது ஓடும்போது அவள் டிக்டேஷன் கொடுப்பது. கடைசி பெஞ்சு சரியாக எழுதினால் கேட்கிறது. இல்லையென்றால் கேட்கவில்லை. இதைவிட நேரான சோதனை ஏது?

மிஷின் ஜன்னலில் ஏறியது. பிள்ளைகளைச் சிலேட்டு எடுக்கச் சொன்னார்கள். ஐஸ் விசையைத் திருப்ப, லாரி ஒன்று தூரத்தில் நின்றபடி உறுமுவது போல அறை நிறைந்தது. கண்டக்டரும் தலைமை ஆசிரியையும் கடைசி பெஞ்சுக்குப் பின்னால் போய் நின்றார்கள்.

போகும்போது தலைமை ஆசிரியை கேட்டார்: “பாடத்துல இல்லாததா ஏதாவது கொடுக்கலாமா டீச்சர்?”

“வேண்டாம் மேடம். நடத்தாத வார்த்தையைக் கொடுத்துட்டுத் தப்புன்னு சொல்றது நியாயமில்ல. கேக்காம தப்பா எழுதினானா, தெரியாம தப்பா எழுதினானான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?”

தலைமை ஆசிரியைக்கும் அது சரியென்று பட்டது. இருவரும் வாழ்நாளெல்லாம் ஆசிரியைகள். அங்கே நின்றவர்களில் கண்டக்டருக்கும் ஐஸுக்கும் டிக்டேஷன் என்றாலே பழைய பயம், அவர்கள் வாய் திறக்கவில்லை. சித்தி அண்மையில் நடத்திய கப்பல் பாடத்தை எடுத்தாள். பாடத்தின் முடிவில் கட்டம் போட்டு அருஞ்சொற்கள் கொடுத்திருக்கும். விரலைத் தூக்கினாள். நங்கூரம். இரண்டாவது விரல். துறைமுகம். பாய்மரம், சுக்கான், மாலுமி என்று கட்டத்தில் இருந்த வரிசையிலேயே பத்தும் முடிந்தன.

கடைசி பெஞ்சுப் பிள்ளைகள் சிலேட்டைத் தூக்கிக் காட்டினார்கள். பத்தும் இருந்தன. கண்டக்டர் மகள் சிலேட்டில் மட்டும் ஒரு கால் விடுபட்டிருந்தது. அது அவள் எப்போதும் விடுகிற கால்.

“பிரமாதம் டீச்சர்” என்றார் கண்டக்டர். பின்னால் நின்ற அவருக்குப் பத்தில் ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. இருபது வருடம் பஸ் என்ஜின் பக்கத்தில் நின்ற காது, பழுது தன் காதில்தான் என்று நினைத்துக்கொண்டார். தலைமை ஆசிரியைக்கும் பாதிதான் கேட்டது. வயதாகிவிட்டது, பிள்ளைகளுக்குப் புதுக் காது என்று அவர் நினைத்துக்கொண்டார். இதையெல்லாம் அவர்கள் ஒப்புக்கொண்டது பின்னால்தான். அன்றைக்கு எல்லோரும் சிலேட்டைத்தான் பார்த்தார்கள்.

அன்று வீட்டுக்கு வந்த சித்தி, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, “கேக்குதுங்க” என்றாளாம். சித்தப்பா அதைச் சொல்லும்போது இப்போதும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். அவள் அவ்வளவு சந்தோஷப்பட்டு அவர் வெகுநாளாகப் பார்த்திருக்கவில்லை.

பருவத் தேர்வு முடிந்ததும் விட்ட சின்ன விடுமுறையில் எல்லா அறைகளுக்கும் ஜன்னல் ஏசி வந்துவிட்டது. திரும்பி வந்த பிள்ளைகளுக்கு முதல் வாரம் கொண்டாட்டம்தான். பெட்டிக்கு முன்னால் நின்று தலைமுடியைப் பறக்கவிட்டார்கள். யாரும் மயங்கவில்லை. வேர்வையில் நோட்டு நனையவில்லை. ஜன்னல்களை மூடியதால் கடைசிப் பாடவேளையில் காற்று கனத்து, பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். இடைவேளையில் கதவைத் திறந்து வைத்தால் அதுவும் சரியானது.

ஆனால் கேள்வி கேட்டால் முன் வரிசைகளிலிருந்துதான் கை உயர்ந்தது. சித்தி நடு வரிசைக்குப் போய் நின்று நடத்திப் பார்த்தாள். அப்போது கரும்பலகை அவள் முதுகுக்குப் பின்னால் போனது. குரலைக் கொஞ்சம் ஏற்றினாள். இன்னும் கொஞ்சம் ஏற்றினாள். சாயங்காலம் வீட்டில் சைகைதான்.

“ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் குரல். எனக்குக் கை மட்டும்” என்பார் சித்தப்பா. ஆறிய வெந்நீரை டம்ளரில் ஊற்றி அவள் பக்கம் தள்ளுவார். கடைசி பெஞ்சு எழுதியதை நான் கண்ணால் பார்த்தேனே என்று சித்தி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அப்படியென்றால் குறை தன் தொண்டையில்தான், இன்னும் முயன்றால் சரியாகிவிடும். இப்படியே ஒரு மாதம் போனது.

ஒரு நாள் காலை டிக்டேஷன். இந்தமுறை மலைப் பாடம். ஆறாவது விரலைத் தூக்கிச் சித்தி வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. காற்றுகூட வரவில்லை. பிள்ளைகள் பயந்துவிடக் கூடாதே என்று கரும்பலகைப் பக்கம் திரும்பி, பாட்டிலிலிருந்து தண்ணீர் குடித்தாள். ஆசுவாசப்படுத்திக்கொள்ள நெஞ்சில் கை வைத்தாள். திரும்பினாள். இன்னொரு முறை முயன்று பார்க்க மறுபடி விரல்களைத் தூக்கினாள். அதற்குள் குரல் இல்லை என்று தெரிந்து கையை இறக்கிவிட்டாள்.

முன் வரிசைகள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தன. கடைசி பெஞ்சு குனிந்து எழுதிக்கொண்டிருந்தது.

சித்தி நடந்து போனாள். கண்டக்டர் மகள் எழுதி முடித்துச் சிலேட்டைத் திருப்பி வைத்திருந்தாள். சித்தி அவள் காதருகில் குனிந்தாள். கொஞ்சம் குரல் திரும்பியிருந்தது.

“முடிச்சுட்டியா?”

“ஆறு முடிச்சுட்டேன் டீச்சர்.”

“நான் ஆறாவது சொல்லவே இல்லையேம்மா.”

சிறுமி விழித்தாள். “விரல் காட்டினீங்களே டீச்சர். ஆறுன்னா பள்ளத்தாக்குதானே? அஞ்சுக்கு அப்புறம் கட்டத்துல அதுதான் இருக்கு.”

“நான் சொல்றது உனக்குக் கேக்காதா?”

“பெட்டி ஓடறப்போ இங்க யாருக்கும் கேக்காது டீச்சர். விரலைப் பாத்து எழுதுவோம்.”

“கப்பல் பாடத்துக்கும் அப்படியா?”

“ஆமா டீச்சர்” என்றாள் அவள், பெருமையாக. அன்றைக்கு எல்லோரும் பாராட்டினார்களே.

சித்தி அவள் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு முன்னால் வந்தாள். மிச்சப் பாடவேளையில் படம் வரையச் சொன்னாள். மணி அடித்ததும் நேராகத் தலைமை ஆசிரியையின் அறைக்குப் போனாள்.

“மேடம், கேக்கல. நான் வச்ச பரிட்சை தப்பு.”

நடந்ததைச் சொன்னாள். “நானும் பின்னாடிதான் நின்னேன்” என்றார் தலைமை ஆசிரியை. “எனக்கும் சரியாக் கேக்கல. உங்க முகத்தைப் பாத்தேன். சொல்ல மனசு வரல.”

உடனே விட்டுவிட அவருக்கு மனமில்லை. சட்டையில் குத்தும் மைக் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். சித்தியின் குரலில் காற்றுதான் அதிகம். மைக் அந்தக் காற்றையும் பெட்டியின் உறுமலையும் சேர்த்துப் பெரிதாக்கியது. புயலுக்குள்ளிருந்து யாரோ கூப்பிடுவது போலிருந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள், சித்தியும் சிரித்தாள், மைக் மேசை இழுப்பறைக்குள் போனது. பிறகு, பாடம் நடத்தும்போது ஏசியை நிறுத்திவிட்டு எழுதும்போது போட்டுப் பார்த்தாள். மூடிய ஜன்னல், மேலே காயும் தளம். கால்மணி நேரத்தில் பிள்ளைகளின் நெற்றியில் வேர்வை பூத்தது. பேச்சை நிறுத்தி விசையைப் போட ஓடுவாள். போட்டதும் பேச்சு போய்விடும்.

கண்டக்டர் ஒரு நாள் வந்தார். படியேறி வந்து வகுப்பு வாசலில் நின்றார்.

“ஏசியை அடிக்கடி நிறுத்தறீங்களாமே டீச்சர். பொண்ணு சொன்னா. குத்தம் சொல்ல வரல. தெரிஞ்சுக்கலாம்னு வந்தேன்.”

சித்தி எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“அன்னைக்கு நான் சின்னவனைப் பத்திப் பேசினதுக்காக ஒத்துக்கிட்டீங்களா?”

“இல்லங்க. கேக்குதுன்னு நெஜமாவே நம்பினேன்.”

“இப்ப என்ன செய்யப் போறீங்க?”

உள்ளே அவர் மகள் மூன்றாவது பெஞ்சுக்கு மாறி உட்கார்ந்திருந்தாள். அவளை அங்கே மாற்றியதால் வேறொரு பையன் கடைசிக்குப் போயிருந்தான். யாராவது ஒருவர் கடைசியில் இருந்துதானே ஆக வேண்டும்.

“கேக்கற குரல் இருக்கறவங்க யாராவது வரட்டும்” என்றாள் சித்தி.

அன்று வீட்டில் அவள் சித்தப்பாவிடம் எழுதிக் காட்டவில்லை, சைகையும் செய்யவில்லை. இருந்த குரலில் வாயால் சொன்னாள். விரலைப் பார்த்து எழுதிய கதையைக் கேட்டுச் சித்தப்பா கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “அட்டையைத் திருப்பி மாட்ட மறந்துட்டோமே டீச்சரம்மா.”

சித்தி அப்போதுதான் அழுதாள்.

வேலையை விடுவதற்கு முதல் நாள் தலைமை ஆசிரியையிடம் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். இந்தப் பெட்டிகள் என்றாவது ஓய்ந்துபோகும். அடுத்ததைத் தேர்ந்தெடுக்கும்போது, பிள்ளைகளுக்குத் தெரியாத வார்த்தையாகக் கொடுங்கள். தப்பாக எழுதினால் திட்ட மாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தலைமை ஆசிரியை தலையை மட்டும் ஆட்டினார். மறுநாள் வியாழக்கிழமை.

சித்திக்குப் பிறகு வந்த டீச்சருக்கு நல்ல உரத்த குரல். கடைசி பெஞ்சுக்கு எல்லாம் கேட்டது. பக்கத்து வகுப்புக்கும் கேட்டது. சித்தி கண்ணாடிக் கடையில் உட்கார்ந்தாள். அந்த இடம் அவளுக்குப் பொருந்தவில்லை என்று சொல்ல மாட்டேன். பொருந்தியது என்றும் சொல்ல முடியவில்லை. பள்ளி விடும் நேரத்தில் தெருவில் பிள்ளைகள் போனால், துடைத்துக்கொண்டிருக்கும் கண்ணாடியைக் கீழே வைத்துவிடுவாள். அவர்கள் திருப்பம் தாண்டிய பிறகு எடுப்பாள். கடைக்கு வருபவர்களிடம் பேசுவாள். கண்ணாடிக் கடையில் யாரும் கடைசி பெஞ்சில் உட்காருவதில்லை. எதிரிலேயே உட்காருகிறார்கள், கேட்கிறது. நான் எங்கெங்கோ எத்தனையோ அறைகளில் தலைக்கு மேல் பெட்டி உறுமக் காத்திருந்திருக்கிறேன், கூப்பிட்ட பெயர் என்னுடையதா என்று தெரியாமல் எழுந்தும் போயிருக்கிறேன். அதை ஒரு தொல்லையாகத்தான் நினைத்தேன். அதற்கு மேல் யோசித்ததில்லை.

இதெல்லாம் நடந்து ஏழு வருடமாகிவிட்டது. போன மாதம் ஒரு நாள், கடையில் எங்கள் மூவரைத் தவிர ஆளில்லாத முன்மதியத்தில், சித்தியின் போனில் ஒரு குரல் பதிவு வந்தது. தலைமை ஆசிரியை அனுப்பியிருந்தார். அவர் ஓய்வு பெற இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. சித்தி அதை ஒலிக்கவிட்டு மேசைமேல் வைத்தாள்.

“டீச்சர், நான் உங்க பழைய வகுப்புல கடைசி பெஞ்சுல உக்காந்திருக்கேன். முழங்கால் முன்னைவிட மோசமா இடிக்குது. பெட்டியெல்லாம் போயிடுச்சு. ஐஸ் ஒரு ஸ்பிளிட் கொண்டாந்து மாட்டிட்டு, சத்தமே இருக்காதுன்னு சத்தியம் பண்றார். ஓடிக்கிட்டிருக்கு. முன்னாடி ஒரு டீச்சர் நிக்கிறாங்க, உங்களை மாதிரி மெதுவாப் பேசச் சொல்லியிருக்கேன். பத்து வார்த்தை. எந்தப் பாடத்துலயும் இல்லாதது, எனக்கும் காட்டல. பிள்ளைங்க எழுதறாங்க, நானும் எழுதறேன். நீங்களும் எழுதுங்க.”

சித்தி அவசரமாக ஒரு ரசீதின் பின்பக்கத்தைத் திருப்பினாள். பேனாவை என் கையிலிருந்து பிடுங்கினாள். தூரத்தில் ஒரு பெண் குரல் தணிவாக வந்தது. தூரிகை. சித்தி எழுதினாள். வெண்கலம். எழுதினாள். இடது கை விரல்கள் தாமாகவே ஒவ்வொன்றாக விரிந்தன. சித்தப்பா கதவை மூடிவிட்டு அதன்மேல் சாய்ந்து நின்றார். ஆறாவதுக்குப் பிறகு பதிவில், அந்த வகுப்புக்கு வெளியே ஸ்பிளிட்டின் கம்ப்ரசர் ஓடத் தொடங்கும் சத்தம், ஜன்னல் கம்பி அதிரும் சத்தம். அந்தக் குரல் ஏதோ சொன்னது. சித்தி போனை எடுத்துக் காதில் அழுத்தினாள். பிறகு ஏழு என்று எண் மட்டும் போட்டு, பக்கத்தில் காலியாக விட்டாள். எட்டு, ஒன்பது, பத்து கேட்டன.

இன்னொரு முறை போட்டுக் கேட்கலாமே என்றேன். “கடைசி பெஞ்சுல இருக்கறவனுக்கு இன்னொரு முறை கிடையாதுடி” என்றாள். பிறகு எழுத்து எழுத்தாக அழுத்தி அனுப்பினாள்: “ஏழாவது கேக்கல மேடம்.”

பதில் வர நேரமானது. சித்தி போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அது வந்தது.

“கடைசி பெஞ்சுல ஒருத்தரும் ஏழாவதை எழுதல டீச்சர். என்னோடதும் காலிதான். மாட்டினதைக் கழட்டச் சொல்லியிருக்கேன். புதன்கிழமை வேற மிஷின் வருது. வார்த்தைகளோட நீங்களே வாங்க.”